வானூர்ப் பக்கத்தில் நாடி பார்த்த வரலாறு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் ஓமந்தூரையும் கிளியனூரையும் கடந்து, திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் வானூர்க் கிராமங்களின் ஜனங்களையும் ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் கோரிமேட்டை நோக்கி ஓடும் பஸ்களில், மடியில் ஒரு துணிப்பையும் அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டும் பழைய ஈ.சி.ஜி. தாள்களுமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒரு தடவை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களும் உண்டு. அப்படிப் பிழைத்தவருக்கும் அவர் வீட்டாருக்கும், வந்த நோயின் பெயரைப்பற்றி அவ்வளவாகக் கவலையில்லை, "இனிமேல் பயம் ஒன்றும் இல்லையே, ஐயா?" என்ற ஒரு கேள்விதான் அவர்கள் மனத்தில் எப்பொழுதும் நிற்கிறது. இந்தக் கேள்விக்கு இந்தப் பிரதேசத்து வைத்தியர்களும், கடல் கடந்த தேசங்களின் வைத்தியர்களும், காலந்தோறும் நாடித்துடிப்பை வைத்து எவ்வாறு விடை தேடினார்கள் என்பதே இங்கே நான் சொல்ல எடுத்துக்கொண்ட விஷயம்.

பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் வடகிழக்கு மூலையில், செம்மண் மேடுகளும் முந்திரித் தோப்புகளும் ஊசுட்டேரிப் பாசனமும் கலந்து கிடக்கும் இந்த வானூர்ப் பகுதியில், ஆஸ்பத்திரி என்பது ஜனங்களின் வாழ்க்கையில் புகுவதற்கு முன்னால், நோயாளியின் வீட்டுத் திண்ணையே வைத்தியசாலையாக இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் எங்கும் போலவே இங்கும் பரம்பரையாக வைத்தியம் பார்த்தவர்களில் சவரத் தொழில் செய்த மருத்துவர் குலத்தார் முக்கியமானவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்மணிகளே ஊருக்குப் பிரசவம் பார்த்தார்கள். சமூகம் அவர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. ஆனால் நள்ளிரவில் மூச்சு முட்டிய கிழவருக்கு முதலில் கைபிடித்துப் பார்க்க வந்தவர்கள் அவர்கள்தாம். இவர்களைத் தவிர, ஏட்டுச்சுவடி வைத்திருந்த குடும்பங்களும், மடங்களைச் சார்ந்தவர்களும், சித்தர் நெறியில் பற்றுடையவர்களும் வைத்தியம் பார்த்தார்கள். மயிலம் மலைமேல் பாலசித்தர் சந்நிதியை இன்றும் வணங்கும் இந்த வட்டாரத்தில், சித்தர் என்றாலே வைத்தியமும் உடன் நினைவுக்கு வருவது இயல்பே.

நாடி பார்க்கும் முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடனும், வயிறு நிறைய உண்ட உடனும், பசியால் வாடியிருக்கும்போதும், ஓடிக் களைத்து வந்தபோதும் நாடி பார்க்கலாகாது என்பது விதி. ஆகையால் வைத்தியர் வந்தவுடன் கையைப் பிடித்துவிட மாட்டார். நோயாளியை ஆசுவாசப்படுத்தி, ஊர்ச் செய்தி நாலு பேசி, அவருடைய முகத்தையும் குரலையும் கண்ணையும் கவனித்துக்கொண்டிருந்து, பிறகே ஆணானால் வலக் கையையும் பெண்ணானால் இடக் கையையும் எடுத்து, மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே, பெருவிரல் பக்கத்தில் ஓடும் நாடியின்மேல் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் வரிசையாக வைப்பார். முதல் விரலின் கீழ் வாதமும், இரண்டாவதின் கீழ் பித்தமும், மூன்றாவதின் கீழ் ஐயம் என்னும் கபமும் தெரியும் என்பது சாஸ்திரம். ஒரு விரலை அழுத்தி மற்றதைத் தளர்த்தி, பிறகு அதை மாற்றி, மூன்றின் வேகமும் ஒன்று, அரை, கால் என்ற மாத்திரை அளவில் நிற்கின்றனவா என்று பார்ப்பார். கையில் நாடி சரியாகப் பிடிபடாவிட்டால் குதிச்சந்து, உந்தி, மார்பு, கண்டம், உச்சி என்று உடம்பில் பத்து இடங்கள் நூல்களில் சொல்லப்பட்டிருக்கின்றன. எந்த மாதத்தில் எந்த வேளையில் பார்ப்பது உத்தமம் என்பதற்குங்கூட விதி உண்டு.

இதில் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்று. வைத்தியரிடம் கடிகாரம் இல்லை. நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று அவர் எண்ணவும் இல்லை. அவர் விரல் தேடியது துடிப்பின் நடையை. அன்னமும் கோழியும் மயிலும்போல் நடந்தால் வாதம். ஆமையும் அட்டையும்போல் ஊர்ந்தால் பித்தம். தவளையும் பாம்பும்போல் சென்றால் ஐயம் என்று சித்த வைத்திய நூல்கள் பிராணிகளின் கதியைக்கொண்டு அதை விவரித்தன. அந்த நடை பிறழ்வதையும், விட்டுவிட்டுத் துடிப்பதையும், ஒடுங்குவதையும் பார்த்து, நோயைச் சாத்தியம், கஷ்ட சாத்தியம், அசாத்தியம் என்று அவர் தரம் பிரித்தார். அசாத்தியம் என்று கண்டால், பெரும்பாலும் அதை நோயாளியின் எதிரில் சொல்லுவது வழக்கமில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தெருக்கோடிவரை அழைத்துச் சென்று, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ஆள் அனுப்பும்படி கூறிவிட்டுப் போவார். ஆக, நாடி பார்த்தல் என்பது நோயைக் கண்டறியும் கலையாக இருந்ததோடு, வரப்போகும் அபாயத்தை அளந்து சொல்லும் கலையாகவும் இருந்தது.

மேல்நாட்டார் சென்ற வழி வேறு. 1707இல் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில வைத்தியர், ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் நாடிக் கடிகாரம் ஒன்றைப் பயன்படுத்தித் துடிப்பை எண்ணும் முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். எண்ணிக்கை என்பது எவர் எண்ணினாலும் ஒன்றாகவே வரும், குறித்து வைக்கலாம், நாளைய எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். இந்த லாபம் பெரிது. ஆனால் இந்த லாபத்தின் உற்சாகத்தில், துடிப்பின் நடையைப் பற்றிய விசாரம் நெடுங்காலம் பின்தங்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன். 1733இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் குதிரையின் இரத்த அழுத்தம் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கண்டு எழுதினார். 1847இல் ஜெர்மானிய அறிஞரான கார்ல் லுட்விக், மூச்சை உள்ளே இழுக்கையில் துடிப்பு விரைவதையும் வெளியே விடுகையில் தாமதிப்பதையும் சுழலும் உருளையின்மேல் கோடாகவே வரைந்து காட்டினார். எனினும் அவை ஆய்வுக்கூடத்து அதிசயங்களாக நின்றனவேயன்றி, நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேரவில்லை.

அவற்றைக் கட்டிலுக்குக் கொண்டுவந்த மகான் ஒருவர் உண்டு. அவரைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இங்கிலாந்தில் நெசவாலைகள் நிறைந்த பர்ன்லி என்ற ஊரில் 1879 முதல் 1907 வரை சாதாரணக் குடும்ப வைத்தியராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்ஸி, அந்த நாட்களில் பெரிய கலாசாலைகளில் உத்தியோகம் பார்த்தவர் அல்லர். தம்மிடம் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் இருதய நோயால் இறந்துபோக, அந்த அபாயத்தை முன்கூட்டியே அறியமுடியாமற் போயிற்றே என்ற துக்கம் அவரை இருதயத்தின்பால் திருப்பிற்று. துடிப்பு சீராக இல்லாவிட்டாலே அஞ்சி, நோயாளியைப் படுக்கையில் கிடத்தி, அவருடைய தொழிலையும் மன நிம்மதியையும் பறித்துக்கொண்டிருந்தது அக்காலத்து வைத்தியம். அந்த ஒழுங்கீனங்களில் எது தீங்கற்றது, எது அபாயகரமானது என்று எவருக்கும் தெரியவில்லை. மெக்கன்ஸி, கழுத்துச் சிரையின் அசைவையும் கைநாடியின் துடிப்பையும் ஒரே காகித நாடாவில் ஒருங்கே வரையும் கருவியொன்றைக் கடிகாரக்காரர் ஒருவரின் துணைகொண்டு அமைத்துக்கொண்டு, தம் நோயாளிகளின் துடிப்பைப் பதிவு செய்து, அவர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்துவந்தார். இளம் வயதினரிடம் மூச்சோடு சேர்ந்து வரும் ஏற்றத்தாழ்வு ஒரு தீங்கும் செய்வதில்லை என்பதும், நடுவே முந்திக்கொண்டு வரும் தனித் துடிப்புகளும் பெரும்பாலும் அஞ்சத்தக்கவை அல்ல என்பதும், ஓர் ஒழுங்குக்கும் உட்படாத வேறொருவகைத் துடிப்பே இருதயத்தின் தளர்ச்சிக்கு அடையாளமாவது என்பதும் இந்தப் பொறுமையான காவலில் தெளிவாயின. 1902இல் அவர் வெளியிட்ட நாடியைப்பற்றிய நூல் இருதய வைத்தியத்தில் ஒரு புது யுகத்தைத் தொடங்கிவைத்தது. ஒரே ஊரில் ஒரே குடும்பங்களைத் தலைமுறையாகப் பார்க்கும் நம் கிராம வைத்தியர் நின்ற இடத்தில் நின்றே அவர் இதைச் சாதித்தார். அதிகமாக அவரிடம் இருந்தவை ஒரு கருவியும் ஒரு குறிப்பேடுமே. அந்தக் குறிப்பேடு நம் வைத்தியர்களிடம் இல்லாமற் போனதே நாடி சாஸ்திரத்துக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் என்பது என் துணிபு.

பிறகு நிகழ்ந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஹாலந்து தேசத்து ஐந்தோவன் இருதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாக வரையும் கருவியை அமைத்தார். அது அசைக்கமுடியாத பாரமானதாகையால், 1905இல் ஆஸ்பத்திரிக்கும் தம் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து நோயாளிகளின் துடிப்பை வரவழைத்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1961இல் அமெரிக்கரான நார்மன் ஹோல்டர், நோயாளி நடமாடிக்கொண்டே இருக்கையில் நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் முறையைப் பிரசுரித்தார். 'ஹோல்டர் போட்டுக்கொண்டு வந்தேன்' என்று இன்று ஜனங்கள் சொல்லுவது அவர் பெயரைத்தான்.

இந்தக் காலத்திலேயே வானூருக்கு அண்டையிலும் மாறுதல்கள் நிகழ்ந்தன. ஆங்கிலேயர் சீமையும் பிரெஞ்சுக்காரர் சீமையும் ஒன்றுக்குள் ஒன்று துண்டுதுண்டாகப் புகுந்து கிடந்த பகுதி இது. 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவோடு நிர்வாக ரீதியில் இணையும்வரை, இங்கிருந்து அங்கே போவது அந்நிய ராஜ்யத்துக்குள் போவதாகவே இருந்தது. பிரெஞ்சு அரசாங்கம் 1823இல் ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் வைத்தியப் பள்ளியே ஜிப்மரின் மூலம். 1956இல் இந்திய அரசாங்கம் அதை ஏற்றுத் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்று பெயரிட்டது. 1964இல் அது ஜவாஹர்லால் நேரு பெயரைத் தாங்கிய முதுநிலை மருத்துவ நிறுவனம் ஆயிற்று. 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற அந்தஸ்தையும் பெற்றது. அந்நிய எல்லைக்கு அப்பால் இருந்த இடம், வானூர் ஏழைகளுக்கு இருதய நோயில் முதல் புகலிடமாக மாறியது இவ்வாறுதான்.

இனி, துடிப்பின் நடை மறுபடியும் விசாரணைக்கு வந்த கதை. 1963இல் ஹான், லீ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், கர்ப்பத்திலிருக்கும் சிசு அபாயத்தை அடையும்போது, அதன் துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவிலுள்ள கால அளவின் சிறு சிறு ஏற்றத்தாழ்வுகள் மறைந்துபோவதைக் கவனித்தார்கள். 1978இல் ஆஸ்திரேலிய வைத்தியர்கள் மாரடைப்பு வந்த 176 பேரை ஆராய்ந்து, துடிப்பில் இந்த ஏற்றத்தாழ்வு இருந்தவர்களே அதிகமாகப் பிழைத்தார்கள் என்று தெரிவித்தார்கள். 1987இல் அமெரிக்காவில் கிளைகரும் அவருடைய சகாக்களும், மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரின் இருபத்து நான்கு மணி நேரப் பதிவுகளை எடுத்து, துடிப்பு இடைவெளிகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அந்த அளவு 50 மில்லி வினாடிக்கும் குறைவாக, அதாவது ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தவர்களுக்கு, 100 மில்லி வினாடிக்குமேல் இருந்தவர்களைக் காட்டிலும் மரண அபாயம் ஐந்து மடங்குக்குமேல் இருந்தது. கடிகாரம்போல் பிசகாமல் அடிப்பதே நல்ல இருதயத்தின் லக்ஷணம் என்று நாமெல்லாம் நினைத்திருக்க, உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது.

இதற்குக் காரணம் இருதயத்தை நடத்தும் நரம்புகளில் இருக்கிறது. இருதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு கணுவானது, எந்த நரம்பின் ஆதிக்கமும் இல்லாமல் தனியே விடப்பட்டால் நிமிஷத்துக்குச் சுமார் நூறு தடவை துடிக்கும். பரிவு நரம்புகள் அதை இன்னும் விரட்டும். வேகஸ் என்னும் எதிர்ப்பரிவு நரம்போ கடிவாளத்தைப் பிடித்து இழுப்பதுபோல் அதை எழுபதுக்கு அடக்கி வைக்கும். ஒவ்வொரு மூச்சிலும் அந்தக் கடிவாளம் சற்றுத் தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. அதனால் உண்டாவதே ஏற்றத்தாழ்வு. மாரடைப்பினால் சேதமடைந்த இருதயத்தில் வேகஸின் பிடி நழுவிப் பரிவு நரம்புகள் ஓங்கும்போது, துடிப்பு விறைத்து ஒரே சீராகிவிடுகிறது; திடீரென்று தாறுமாறான துடிப்பு எழுந்து உயிரைக் கொண்டுபோகும் அபாயமும் அப்பொழுதே மிகுகிறது. 1996இல் ஐரோப்பிய, அமெரிக்க இருதய மருத்துவ சங்கங்கள் ஒன்றுகூடி இந்த அளவீட்டுக்கு விதிகளை வகுத்தன. 1998இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் 1284 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், இந்த ஏற்றத்தாழ்வும், இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இருதயம் தன்னைத் திருத்திக்கொள்ளும் சக்தியும், இரண்டுமே குன்றியவர்களில் இரண்டு வருஷத்துக்குள் நூற்றுக்குப் பதினேழு பேரும், இரண்டும் நன்றாக இருந்தவர்களில் நூற்றுக்கு இரண்டே பேரும் இறந்ததாகத் தெரிந்தது.

அபாயத்தை அறிந்துவிட்டால் அதை நீக்கிவிடலாம் என்று எவரும் எண்ணுவார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தவறாகப் போகக்கூடும் என்பதை வைத்திய உலகம் மிகுந்த விலை கொடுத்தே கற்றது. மாரடைப்புக்குப்பின் நடுநடுவே முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் அபாயத்துக்கு அறிகுறி என்று கண்டு, அவற்றை அடக்கும் மருந்துகளை அமெரிக்காவில் பரீக்ஷித்தார்கள். மருந்து துடிப்பை ஒழுங்குபடுத்தியது உண்மை. ஆனால் சுமார் பத்து மாதத்தில், மருந்து உண்ட 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேருமே இறந்திருந்தார்கள். 2004இல் வெளியான மற்றொரு பரீக்ஷையில், மாரடைப்பு வந்து சில வாரங்களுக்குள், இருதயத்தின் பலமும் துடிப்பின் ஏற்றத்தாழ்வும் குறைந்திருந்த 674 பேரைத் தேர்ந்து, ஒரு பாதிப் பேருக்கு, தாறுமாறான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் கருவியை மார்பில் பொருத்தினார்கள். திடீர் மரணம் குறைந்தது, வேறு காரணங்களால் நேர்ந்த மரணம் கூடியது, மொத்தத்தில் ஆயுள் நீளவில்லை. எந்த ஆராய்ச்சியாளரையும் நான் இதற்காகக் குறை கூறமாட்டேன். தங்கள் நம்பிக்கைக்கு விரோதமான முடிவு வந்தபோது அதை மறைக்காமல் பிரசுரித்த அவர்களுடைய நேர்மையால் எண்ணற்ற உயிர்கள் பிற்காலத்தில் காப்பாற்றப்பட்டன.

ஜிப்மரின் உடலியங்கியல் துறையில் இந்தத் துடிப்பாராய்ச்சி நெடுநாளாக நடந்துவருகிறது. பரீக்ஷைக்கு வருபவரைச் சந்தடியில்லாத அறையில் படுக்கவைத்து, காப்பியும் புகையும் இல்லாமல் வரச்சொல்லி, பத்துப் பதினைந்து நிமிஷம் அமைதியாக இளைப்பாறவிட்டு, பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஈ.சி.ஜி. பதிவு செய்து, இடைவெளிகளைக் கணிப்பொறி அளக்கும் என்பது உலகெங்கும் கைக்கொள்ளும் முறை. உண்டவுடனும் களைத்தவுடனும் கை பிடிக்காத பழைய வைத்தியரின் விதியை இது நினைவூட்டுகிறது. மதன்மோகன், ஜி. கே. பால் முதலிய பேராசிரியர்கள் ஜிப்மர் மாணவர்களைக் கொண்டு செய்து 2004இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூன்று மாதம் மெதுவான பிராணாயாமப் பயிற்சி செய்தவர்களுக்கு எதிர்ப்பரிவு நரம்பின் ஆதிக்கம் வளர்ந்ததையும், வேகமாக மூச்சு விட்டுப் பழகியவர்களிடம் அத்தகைய மாறுதல் காணப்படாததையும் தெரிவித்தார்கள். அவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். இருதய நோயாளிக்கும் அதுவே பலிக்கும் என்று இதைக்கொண்டு சொல்லிவிடலாகாது. வைத்தியப் பட்டம் பெற்றவரான ஸ்வாமி கீதானந்த கிரி ஸ்தாபித்த ஆனந்த ஆசிரமம் வானூர்க் கடற்கரையில் சின்னமுதலியார்சாவடியில் இருந்துகொண்டு யோகத்தை வைத்திய ஆராய்ச்சியோடு இணைத்த முயற்சியும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

நாடி சாஸ்திரத்தில் அன்றே சொல்லிவிட்டதைத்தான் மேல்நாட்டார் இன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று மார்தட்டுவோர் நம்மிடையே உண்டு. அந்தப் பெருமையில் எனக்கு உடன்பாடில்லை. வாத பித்த ஐயங்களின் நடையும், மில்லி வினாடிக் கணக்கும் ஒன்றே என்பதற்கு ஆதாரம் இல்லை. ஐம்பது மில்லி வினாடி வேறுபாட்டை விரலால் நிறுக்க முடியும் என்பதையும் எவரும் நிரூபித்ததில்லை. அதேபோல், அதெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதும் ஆராயாமல் சொல்லும் பேச்சே ஆகும். துடிப்பின் எண்ணிக்கையைவிட அதன் நடையில்தான் அபாயத்தின் செய்தி அடங்கியிருக்கிறது என்று நம் முன்னோர் கவனத்தை அங்கே செலுத்தியது சரியான திசை. செலுத்திய பின் கண்டதைப் பதிந்துவைத்துப் பலாபலன்களைச் சரிபார்க்காதது குறை. பரம்பரை வைத்தியரின் விரலும் ஜிப்மரின் கருவியும் ஒரு மணி நேரப் பஸ் பிரயாணத்துக்குள் இருக்கும் இந்த வட்டாரத்தில், ஒரே நோயாளியை இருவரும் தனித்தனியே பார்த்து எழுதிவைத்து, இரண்டு வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். சித்த மருத்துவக் கல்லூரிகளும் நவீன மருத்துவ நிறுவனங்களும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம் இது. அதிகச் செலவும் பிடிக்காது.

அந்தக் காரியம் நடக்கும்வரை இருதய நோயாளிக்கு ரக்ஷையாக இருப்பது, மெக்கன்ஸி செய்ததுபோன்ற தொடர்ந்த கண்காணிப்பே. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியிருக்கிறது. 108க்குச் சொன்னால் வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. முதல் கண்டம் கடப்பதற்கு இவை துணை. கடந்த பின்னால், 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று இரண்டு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடுவதும், நடவு வேலையையோ கல்யாண வேலையையோ காரணமாகச் சொல்லி மறுபரிசோதனைத் தேதியைத் தள்ளிவிடுவதும் நம் கிராமங்களில் சாதாரணமாக நடக்கின்றன. இதைப் படிப்பவர்களின் வீட்டில் மாரடைப்பிலிருந்து மீண்டவர் ஒருவர் இருந்தால், அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டை இன்றே எடுத்துப் பார்த்து, அடுத்த தேதி என்றைக்கு என்று தெரிந்துகொண்டு, அன்று காலையில் அவரைத் தனியே பஸ் ஏற்றிவிடாமல் நீங்களும் உடன் போய்வாருங்கள்.